இரண்டாம் நாளின் எள்ளுக் கூழ்

குவாய் சுங், ஹாங்காங்
நவம்பர் 18

அன்புள்ள ஃபுங்-கிங் அத்தைக்கு,

இந்தக் குளிரில் உங்கள் முட்டிவலி கூடாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தபடி எழுதுகிறேன். இங்கே நாங்கள் நான்கு பேரும் இருக்கிறோம்.

நான் உங்கள் தம்பி மகள் சுன்-யீ. இப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பா எங்கள் எல்லார் கைபேசியிலும் உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறார். அம்மா தினமும் இரவு என் கைபேசியை வாங்கிப் பார்ப்பாள். அதனால்தான் காகிதம். மேல் கட்டிலில் போர்வைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழ்க் கட்டிலில் தாத்தா தூங்குகிறார்.

ஆகஸ்டில் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, மூக்குக் குழாய்க்கு அப்பா கையெழுத்துப் போட்டார். நீங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. "மூக்கு வழியா ஊத்துறதுக்கு எங்கப்பா என்ன தொட்டிச் செடியாடா?" என்றீர்கள். அப்பா, "அவ்வளவு அக்கறைன்னா நீ கூட்டிட்டுப் போ. மக்காவ்ல ஊரான் வீட்டுக் கிழங்களுக்கு ஊட்டத் தெரியுதில்ல" என்றார். அதன் பிறகு இந்த வீட்டில் உங்கள் பெயரை யாரும் சொல்வதில்லை.

நல்ல செய்தி ஒன்று. இரண்டு வாரம் முன்பு குழாயை எடுத்துவிட்டார்கள். மிருதுவாக இருந்தால் வாயால் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு ஊட்டப் பயம். அவள் மூன்று மணிக்குக் கருவாட்டுக் கடை வேலைக்குப் போனால் ஏழுக்குத்தான் வருவாள். நான் நாலு மணிக்கே வந்துவிடுவேன். தாத்தாவுக்கு இப்போது ஏழெட்டு வார்த்தைதான் வருகிறது. அதில் ஒன்று எள்ளுக் கூழ்.

நீங்கள் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் விழுங்க முடியாதவர்களுக்கு இனிப்புகளை எப்படிச் செய்கிறீர்கள்? எழுதுங்கள். வீட்டு முகவரிக்கு வேண்டாம். எங்கள் கட்டடத்துக்குக் கீழே சாய் மாமாவின் எழுதுபொருள் கடை இருக்கிறது. உறையின் மேல் அந்த முகவரி. அவர் வாங்கி வைத்திருப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
சுன்-யீ


மக்காவ்
நவம்பர் 27

கண்ணு சுன்-யீ,

முட்டி அப்படியேதான் இருக்கிறது. ஈரக் காற்று வந்தால் வானிலைச் செய்திக்கு முன்னால் அது சொல்லிவிடும். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? எட்டு வயதில் உன்னைப் பார்க்கக் குடைக்கம்பி போல இருந்தாய்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குழாயை யார் எடுத்தார்கள்? விழுங்கும் பயிற்சி கொடுக்கும் அம்மாள் வந்து சோதித்தாளா? எந்தப் பதத்தில் கொடுக்கச் சொன்னாள்? இதை எனக்கு எழுது.

இங்கே நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள், பதினேழு பேருக்குக் கூழ்ப்பதம். யாருக்கும் தண்ணீர் போல ஓடுவதைக் கொடுப்பதில்லை. ஓடுவதுதான் எமன். தொண்டை கதவை மூடுவதற்குள் அது நுரையீரலுக்குள் போய்விடும். சிலருக்கு இருமல்கூட வராது. இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல்தான் வரும்.

முதலில் முட்டைப் பால் செய். முட்டையும் பாலும் சர்க்கரையும் அடித்து, இரண்டு முறை வடிகட்டி, தட்டு போட்டு மூடி, சிறு தீயில் ஆவியில் வேகவை. மேலே ஆடை கட்டினால் எடுத்துவிடு. கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார். கட்டியாக வழுக்கி விழ வேண்டும். சொட்டவும் கூடாது, ஒட்டிக்கொள்ளவும் கூடாது. நிமிர்த்தி உட்காரவை, முகவாய் கீழே இருக்கட்டும். தேக்கரண்டியில் பாதிதான். விழுங்கிவிட்டாரா என்று குரல்வளையைப் பார்த்துவிட்டு அடுத்தது. அவசரப்படுத்தினால் கையை உடைப்பேன்.

கெட்டிப்படுத்தும் பொடி ஒரு பொட்டலம் இத்துடன் வைத்திருக்கிறேன். எள்ளுக் கூழ், பாதாம் பால், பயற்றுக் கஞ்சி எல்லாவற்றையும் நன்றாக அரைத்துத் துணியில் வடிகட்டிவிட்டு, இதைச் சேர்.

நேற்று எங்கள் லாவ் பாட்டி சிவப்புப் பயற்றுக் கூழைத் துப்பிவிட்டு, "ஆரஞ்சுத் தோல் போடாம பயறு காய்ச்சுறவ எந்த ஊர்க்காரிடி?" என்று கேட்டாள். தோலை வேகவைத்து அரைத்துச் சேர்த்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

பத்திரம்.
அத்தை


குவாய் சுங்
டிசம்பர் 8

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருக்கிறீர்களா? லாவ் பாட்டிக்கு என் வணக்கம். எனக்கு லேசாகச் சளி, அதனால் ஊட்டும்போது முகமூடி போட்டுக்கொள்கிறேன்.

முதல் முட்டைப் பாலில் ஓட்டை ஓட்டையாக வந்தது, நானே தின்றேன். இரண்டாவது சரியாக வழுக்கியது. தாத்தாவின் கையுறையைக் கழற்றிவிட்டு நிமிர்த்தி உட்காரவைத்தேன். முதல் கரண்டி உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு கண்ணைத் திறந்து, "இன்னும்" என்றார். அது எட்டாவது வார்த்தையா ஒன்பதாவதா தெரியவில்லை, இதற்கு முன் சொன்னதே இல்லை.

எட்டுக் கரண்டி சாப்பிட்டார். "கஞ்சப்பிசினாறி" என்று என்னைத் திட்டினார். அது பக்கவாதத்துக்கு முன்பிருந்தே இருக்கிற வார்த்தை.

அம்மா வருவதற்குள் கிண்ணத்தைக் கழுவி, ஜன்னலைத் திறந்து வைத்தேன். அவள் உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சினாள். "என்ன, முட்டை வாசனை?" "பசிச்சுது, அவிச்சேன்." "கேஸை வீணாக்காதே."

உங்கள் முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
சுன்-யீ


மக்காவ்
டிசம்பர் 16

கண்ணு சுன்-யீ,

சளி போயிற்றா? இஞ்சியை நசுக்கிக் கொதிக்கவைத்துக் குடி. நான் பரவாயில்லை.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. கையுறை எதற்கு என்றும் எழுதவில்லை. சரி.

குளிர்கால உச்சி நாள் பண்டிகை வருகிறது. உன் அப்பா அரிசிமாவு உருண்டைகளை மேஜையில் வைப்பான். அதில் ஒன்றைக்கூடத் தாத்தா வாயில் வைக்காதே. பசை போலத் தொண்டையில் உட்கார்ந்துவிடும். நாங்கள் சேனைக்கிழங்கை அவித்து, அரைத்து, பொடி சேர்த்து, நனைத்த இரண்டு கரண்டிகளால் உருட்டுவோம். நடுவில் ஒரு சொட்டு எள் விழுது வைப்போம். கண்ணுக்கு உருண்டை, நாக்குக்குக் கூழ். எல்லாரும் தின்னும் நாளில் ஒருவர் மட்டும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

அவர் சிரித்தால் எனக்கு எழுது.

அத்தை


குவாய் சுங்
ஜனவரி 12

அன்புள்ள அத்தைக்கு,

புது வருடக் குளிர் அங்கேயும் இப்படித்தானா? சளி போய்விட்டது. பரீட்சை இருந்ததால் தாமதம்.

சிரித்தார். கிழங்கு உருண்டை என்று கண்டுபிடித்துவிட்டு, "கள்ளி" என்று சொல்லிச் சிரித்தார். அன்று ராத்திரி அப்பாவும் அம்மாவும் நானும் மேஜையில் உருண்டை சாப்பிட்டோம். தாத்தா கட்டிலில் இருந்து என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அப்பா, "இவருக்குக் கண்ணுல என்ன? மருந்து போடணுமா?" என்று கேட்டார்.

அத்தை, பொடி தீர்ந்துவிட்டது. நான் அதிகமாகக் கொட்டிக் கொட்டி வீணாக்கிவிட்டேன். மருந்துக் கடையில் கேட்டேன், யாருக்கு என்ன பதம் என்று திருப்பிக் கேட்டார்கள், ஓடி வந்துவிட்டேன். எள்ளுக் கூழ் இன்னும் செய்யவே இல்லை. தாத்தா தினமும் அதைத்தான் கேட்கிறார். பொடிக்குப் பதிலாக அரிசி மாவு போட்டுக் கிளறினால் போதாதா? கடைகளில் அப்படித்தானே செய்கிறார்கள், கெட்டியாகத்தானே வருகிறது?

இந்த மாதக் கடைசியில் வரும் சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் அப்பாவும் அம்மாவும் தை போவில் இருக்கும் அம்மா வழிப் பாட்டி வீட்டுக்குப் போவார்கள். வயிற்றுவலி என்று சொல்லி நான் வீட்டிலேயே இருப்பேன். அன்றைக்கு அரிசி மாவில் செய்யப்போகிறேன். கூடாது என்றால் மட்டும் உடனே எழுதுங்கள். பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

வரும் ஆண்டு உங்களுக்கு நல்ல உடம்பைத் தரட்டும்.
சுன்-யீ


மக்காவ்
ஜனவரி 22

சுன்-யீ,

கூடாது.

இல்லத்தில் எட்டுப் பேருக்குக் காய்ச்சல், லாவ் பாட்டி போய்விட்டாள், அதனால் உன் கடிதத்தை இன்றுதான் பிரித்தேன். மன்னித்துக்கொள்.

அரிசி மாவில் செய்தால் ஆரம்பத்தில் கெட்டியாகத்தான் இருக்கும். கரண்டி அவர் வாய்க்குப் போய் மறுபடி கிண்ணத்துக்கு வரும்போது எச்சிலும் கூடவே வரும். எச்சில் மாவை நீராக்கிவிடும். கால் மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் இருப்பது தண்ணீர்தான். நீ முதல் கரண்டியைச் சாய்த்துப் பார்த்திருப்பாய், கடைசிக் கரண்டியை யாரும் பார்ப்பதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒருவரை இப்படித்தான் இழந்தோம். பொடி அப்படி இளகாது.

இத்துடன் இரண்டு பொட்டலம் வைத்திருக்கிறேன். இதைப் போட்டுச் செய். என்றாலும் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள், வாய்க்குப் போன கரண்டியைப் பெரிய கிண்ணத்தில் விடாதே.

கிடைத்ததும் ஒரு வரி எழுது.
அத்தை


குவாய் சுங்
ஜனவரி 31, புத்தாண்டின் மூன்றாம் நாள்

அன்புள்ள அத்தைக்கு,

உங்களுக்கு எல்லாம் நன்மையாக அமையட்டும்.

உங்கள் பதில் வரவில்லை. சாய் மாமா சனிக்கிழமையே கடையைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார். அதற்கு முந்தைய நாள் கேட்டேன். "உன் காதலன் இன்னும் எழுதலையா?" என்று கிண்டல் செய்தார். அதனால் நீங்கள் சரி என்றுதான் நினைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்று எள்ளை வறுத்து, ஊறவைத்த அரிசியோடு அரைத்து, துணியில் மூன்று முறை வடிகட்டிக் காய்ச்சினேன். கறுப்புப் பட்டு போல வந்தது. கரண்டியைச் சாய்த்தேன், கட்டியாக விழுந்தது. நீங்கள் சொன்னபடி பாதிக் கரண்டி, குரல்வளையைப் பார்த்து, அடுத்தது. கொஞ்சமும் அவசரப்படுத்தவில்லை. ஒரு கிண்ணத்துக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. தாத்தா அழுதார். நான் துடைத்துவிட்டேன். முழுக் கிண்ணம் அத்தை.

கடைசியில் கொஞ்சம் தண்ணீர் விட்டது போல இருந்தது. சரியாகக் கிளறவில்லை போல என்று நினைத்தேன். மீதியிருப்பதையும் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

இருமவே இல்லை. ஆனால் இன்று காலை முதல் உடம்பு சுடுகிறது. மூச்சு விடும்போது கொதிக்கிற கெண்டி போலச் சத்தம் வருகிறது. நான் "ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?" என்று கேட்டேன். அம்மா என் வாயில் அடித்தாள். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? மூணு நாள் கூட முடியல. இப்ப ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சா வருஷம் பூரா அங்கதான் கிடக்கணும். வாயைக் கழுவு போ."

அத்தை, ஒன்று சொல்ல வேண்டும். குழாயை எடுக்கவில்லை. இன்னும் இருக்கிறது. அதை இழுத்துவிடாமல் இருக்கத்தான் கையுறை. வாயால் எதுவும் கூடாது என்று கட்டிலுக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறது.

நான் என்ன செய்யட்டும்?
சுன்-யீ


குவாய் சுங்
பிப்ரவரி 9

அத்தைக்கு,

நீங்கள் சௌக்கியமா என்று கேட்கக்கூடக் கை வரவில்லை.

சாய் மாமா வெள்ளிக்கிழமை கடை திறந்தார். ஷட்டருக்குள் தபால்காரர் தள்ளிவிட்டுப் போன குவியலில் உங்கள் உறை இருந்தது. கடை வாசலிலேயே நின்று படித்தேன். "என்னம்மா, வேண்டாம்னு சொல்லிட்டானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

புத்தாண்டின் ஐந்தாம் நாள்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. நர்ஸ் உறிஞ்சி எடுத்ததில் கறுப்பாகத் துகள் வந்ததாம். "யார் ஊட்டினது?" என்று கேட்டாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். வீட்டில் பகலில் இருப்பது அம்மாதானே.

வீட்டுக்கு வந்து அப்பா கத்தினார். "பரிதாபமா? உன் பரிதாபத்துக்கு எங்கப்பன் செத்துக்கிட்டிருக்கார். இல்ல, பாத்துக்கிறது அலுத்துப்போச்சா? அதைச் சொல்லு." அம்மா மறுக்கவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரே கிண்ணத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். தெரியவில்லை.

தயவுசெய்து எழுதுங்கள்.
சுன்-யீ


குவாய் சுங்
மார்ச் 2

அன்புள்ள அத்தைக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? கடைசிப் படகு கிடைத்ததா?

மூன்று வாரம் நீங்கள் எழுதவே இல்லை. தாத்தா பதிமூன்றாம் தேதி இறந்ததையும் சடங்கு நாளையும் எழுதினேன், அதற்கும் பதில் இல்லை. என்னை வெறுத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். பிறகு வெள்ளிக்கிழமை சடங்குக் கூடத்தில், தாத்தாவுக்காக எரிக்க நான் தங்கக் காகிதம் மடித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்றீர்கள்.

நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது.

"எதுக்கு வந்த?" என்றார் அப்பா.

"என் அப்பனுக்கு ஊதுபத்தி வைக்க உன்கிட்ட டிக்கெட் வாங்கணுமா? பாக்-ஹுங், உன் பொண்டாட்டியைத் திட்டினது போதும். நான்தான் ஊட்டினேன். ரெண்டாம் நாள் நீங்க தை போ போயிருந்தீங்க. படகுல வந்தேன், ஊட்டினேன், போயிட்டேன். இவதான் கதவைத் திறந்தா. வெளியில சொன்னா தொலைச்சிடுவேன்னு மிரட்டி வெச்சேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நெஜமா?"

நான் தலையாட்டினேன்.

அப்பா உங்களை இழுத்துக்கொண்டு போய் வெளியே தள்ளினார். ஊதுபத்தியை ஏற்றக்கூட விடவில்லை. "இனிமே அவர் அஸ்தி இருக்கிற இடத்துல உன் நிழல்கூட விழக் கூடாது" என்றார். உங்கள் ஒரு செருப்பு உள்ளேயே கிடந்தது. நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஏன் அத்தை? நீங்கள் ஏன் பொய் சொன்னீர்கள்? நான் ஏன் தலையாட்டினேன்?

சுன்-யீ


மக்காவ்
மார்ச் 10

கண்ணு சுன்-யீ,

படகு கிடைத்தது. ஒற்றைச் செருப்போடு ஏறினேன், யாரும் கவனிக்கவில்லை. நீ தூங்குகிறாயா? சாப்பிடுகிறாயா?

நான் சொன்னது முழுப் பொய் இல்லை. உன் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். இருபது வருடமாக இதே வேலை செய்கிறேன். குழாயைச் சும்மா எடுக்க மாட்டார்கள். எடுத்திருந்தால் பதத்தின் பெயரை எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதை நீ எழுதியிருப்பாய். நீ கையுறை என்று எழுதிய பிறகு துளி சந்தேகமும் இல்லை.

என் வேலை உன் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்வது. அவன் என் எண்ணைத் தடுத்திருந்தால் என்ன, அவன் வேலை செய்யும் பேருந்துப் பணிமனைக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. என் அப்பா வாயால் ஏதாவது சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை. உன் அப்பாவிடம் தோற்றுப்போன கோபம். "இன்னும்" என்று கேட்டார் என்று நீ எழுதிய அன்று, அந்தக் காகிதத்தை ஏப்ரனில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்தேன். பதினான்கு வயதுப் பிள்ளையின் கையைக் கரண்டியாக வைத்துக்கொண்டேன். அதனால் அந்தப் பழி என்னுடையது. நீ எடுக்காதே.

இனி எனக்கு எழுத வேண்டாம். சாய் கடையில் யாராவது பார்த்தால் நான் சொன்னது வீணாகிவிடும். கடிதங்களைக் கிழித்துவிடு.

நன்றாக இரு. நன்றாகச் சாப்பிடு.
அத்தை


குவாய் சுங்
மார்ச் 19

அன்புள்ள அத்தைக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்று மட்டும். நலமாக இருங்கள்.

புதிதாக இறந்தவர்களைப் பார்க்க ஏப்ரலில் வரும் சிங் மிங் கல்லறை நாள் வரை காத்திருக்கக் கூடாதாமே. அதனால் நேற்றே அஸ்தி மாடத்துக்குப் போனோம். அப்பா வறுத்த பன்றி ஒரு பக்கம் முழுதாக வாங்கி வந்தார். தோல் மொறுமொறுவென்று இருந்தது. அதை மாடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "அப்பா, இனிமே எது வேணும்னாலும் சாப்பிடலாம். யாரும் தடுக்க மாட்டாங்க" என்றார். அவர் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கக்கா மட்டும் அன்னிக்கு வராம இருந்திருந்தா" என்று ஆரம்பித்தார்.

நான் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துதான் வந்திருந்தேன். பேருந்தில் வரும்போதே வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். "அப்பா, அத்தை வரவே இல்ல" என்று தொடங்கினேன். உண்மையில் "அப்பா, அத்தை" வரைதான் வந்தது.

பன்றியை வெட்டிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். பன்றித் துண்டு ஒன்றை எடுத்து என் வாய்க்குள் திணித்தாள். பெரிய துண்டு. விரல் பல்லில் பட்டது. "பசியில உளர்றா. தின்னு" என்றாள். கையை எடுக்கவே இல்லை. உள்ளங்கையால் என் வாயை மூடியபடி என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஊட்டியது அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும் அத்தை. எள் வறுத்தால் எங்கள் வீடு முழுக்க ஒரு வாரம் மணக்கும். அப்பா கத்தியபோது அவள் மறுக்காமல் பாத்திரம் தேய்த்தது இதற்காகத்தான்.

அப்பா, "என்ன சொல்ல வந்தா?" என்று கேட்டார். "அத்தை பேரு சொன்னா நீங்க கோவப்படுவீங்கன்னு சொல்ல வந்தா" என்றாள் அம்மா. அவர் திரும்பி ஊதுபத்தியை நேராக்கினார்.

நான் மென்றேன். விழுங்கினேன். அம்மா குரல்வளையைப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

நீங்கள் இனி தாத்தாவைப் பார்க்க வர முடியாது. நான் ஒவ்வொரு வருடமும் போவேன். அடுத்த வருடம் அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று இங்கே எழுதத்தான் நினைத்தேன். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு பொய் எழுதியிருக்கிறேன். இன்னொன்று வேண்டாம்.

கடிதங்களைக் கிழிக்கவில்லை.

சுன்-யீ